கோட் போட்டுக்கொண்டு கேட்ட தண்ணீர்

டீவியில் முகம் காட்டிய எவரும் அதைப் பற்றி அடக்கமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. நானும் அடக்கமாகச் சொல்லப்போவதில்லை. என் வாழ்நாளில் நான் ஆக அழகாக இருந்தது அன்றுதான். அந்த அழகால்தான் என் மனைவி ஜெஸீமாவின் மூன்று ஏக்கர் சீதன வயலும் கருகப் பார்த்தது.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு சிறுபோகம், வாய்க்கால் தண்ணீரை நம்பிச் செய்யும் வெயில்காலப் போகம். எங்கள் வயல் வரிப்பத்தான்சேனைப் பக்கம், வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. (மேலே உள்ளவர்கள் பாய்ச்சி மிஞ்சினால்தான் எங்களுக்கு.) கதிர் தள்ளப்போகும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. இன்னும் ஒரு முறை தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் வைக்கோல்தான். விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அடியேன். கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்த வேளையில், பேட்டி எடுக்க வருவதாகக் கொழும்பிலிருந்து ஒரு டீவிக்காரத் தம்பி போன் பண்ணினார்.

அல்லாஹ் ஒரு வழியைத் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். நானோ யூடியூபைத் திறந்தேன். கமராவுக்கு முன்னால் எப்படித் தோன்றுவது என்று ஒருவர் பாடமே நடத்தியிருந்தார். கோடு போட்ட சட்டை ஆகாது, முகம் மினுங்கக் கூடாது, பின்னணி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், புன்னகை மட்டும் குறையவே கூடாது. நான் ஒன்றையும் விடவில்லை. தாடிக்குக் கறுப்பு அடித்தேன், பவுடர் பூசினேன், கலியாணக் கோட்டை அலுமாரியிலிருந்து இறக்கினேன். (பொத்தானைப் பூட்டினால் மூச்சு வராது. மூச்சை விட்டுக்கொடுத்தேன்.)

ஜெஸீமா கதவடியில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

“இஞ்சேருங்க, காஞ்ச வயலக் காட்டப் போறீங்களா, ஒங்களக் காட்டப் போறீங்களா?”

“ஒனக்கென்ன புள்ள தெரியும்? கொழும்பு ஆக்கள் நம்மள ஒரு மனிசனா மதிக்கணும். அப்பதான் தண்ணி வரும்.”

“ஓம், ஓம். வயலுக்குத்தான் இன்னும் பவுடர் பூசல்ல” என்றாள்.

டீவித் தம்பி வந்து இறங்கியதும், “காஞ்ச வயலுக்குப் போவோமா, சேர்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வயல் செய்கிற எவனாவது தன் வெடித்த வயலில் வெளியாளைக் கொண்டுபோய் நிறுத்துவானா? அது எங்களுக்கு மானக்கேடு. வீட்டுக்கு ஆள் வந்தால் நல்ல பாயைத்தானே விரிப்போம்? நான் அவர்களை வாய்க்காலின் தலைப்புக்கு, ஜெஸீமாவின் தம்பி நௌபரின் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பயிர் இடுப்பளவு நின்றது.

“இது பச்சையா இருக்கே, சேர்?”

“அதெல்லாம் நான் கதையில வெளங்கப்படுத்துறன் தம்பி. நீங்க கமராவ வைங்க.”

அடுத்த நாள் பின்னேரம் நிகழ்ச்சி போனது. எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. திரையில் நான் நீலக் கோட்டில் நிற்கிறேன். பின்னால் பச்சை, பச்சை, வானம் வரைக்கும் பச்சை. நடுவில் ஒரு கொக்கு வேறு. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி நான் சொல்கிறேன்: “எங்கள் பயிர்கள் செத்துக்கொண்டிருக்கின்றன.”

“மாஷா அல்லாஹ், மச்சான் மாப்பிள்ள மாதிரி!” என்றான் நௌபர். ஜெஸீமா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நீர்ப்பாசன அதிகாரி போன் எடுத்தார்.

“செக்ரட்டரி, புரோகிராம் பார்த்தன். உங்கட பயிர் நல்லாத்தானே நிக்குது! உங்கட முறைத் தண்ணிய அடுத்த பக்கத்துக்குத் திருப்பச் சொல்லிட்டன். அவங்கதான் பாவம்.”

ஊருக்காகக் கதைக்கப் போய், ஊருக்கு வரவிருந்த தண்ணீரையும் அனுப்பிவிட்டேன். ஜெஸீமாவிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஏசவில்லை. என் போனைப் பிடுங்கிக்கொண்டு, “வாங்க” என்றாள்.

உடுத்திருந்த சாரனோடு போனேன். எங்கள் வயலின் நடுவில் என்னை நிறுத்திவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“இப்ப சிரிங்க பாப்பம்.”

ஒரு அடி வைத்தேன். கணுக்கால் வரை வெடிப்புக்குள் போனது. ஒரு பயிரைப் பிடுங்கினேன், கையிலேயே நொறுங்கியது. பாடமாக்கியதெல்லாம் பறந்துவிட்டது. “நேத்துக் காட்டினது எங்கட வயல் இல்ல. வெக்கத்துல மறைச்சிட்டன். இதுதான் எங்கட வயல். இது இவட வாப்பா இவக்குக் குடுத்த காணி” என்றேன். அதற்கு மேல் அழுதுவிட்டேன். தாடிக் கறுப்பு வியர்வையில் கரைந்து கழுத்தில் ஒழுகியதாம். அதையும் விடாமல் எடுத்திருக்கிறாள்.

அந்த வீடியோவை அதிகாரிக்கும் டீவித் தம்பிக்கும் அவளே அனுப்பினாள். மூன்றாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. இரண்டு ஏக்கர் பிழைத்தது. கருகிப்போன ஒரு ஏக்கரை மாடுகள் தின்றன. அந்த ஏக்கரைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு சுருக்கென்கிறது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நௌபர் எழும்பி ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்: “இனிமேல் டீவிக்காரர் வந்தால், எந்த வயலில் நின்று கதைப்பது, என்ன உடுப்பது என்பதைச் செயலாளரின் மனைவியே முடிவு செய்வார்.” எல்லாக் கையும் உயர்ந்தது. ஒவ்வொரு போகத்துக்கும் கூட்டம் தொடங்க முன், யாராவது சங்கப் புத்தகத்தில் அந்தத் தீர்மானம் உள்ள பக்கத்தைப் புரட்டி உரத்து வாசிக்காமல் விடுவதில்லை. வாசிப்பவர்கள் தடுமாறுவதும் இல்லை. எழுத்து அவ்வளவு அழகு. கூட்ட அறிக்கை எழுதுகிற செயலாளர் நான்தானே.