பூக் கேட்கப் போன இடத்தில் பால்சம்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளைக்கு இரண்டே வேலைதான். தட்டில் வைத்ததைத் தின்ன வேண்டும். கேட்டதற்குத் தலையாட்ட வேண்டும். இந்த இரண்டை மட்டும் ஒழுங்காகச் செய்த என் நண்பர்கள் எல்லாரும் மாமனார் வீட்டில் மரியாதையோடு இருக்கிறார்கள். நான் தாவரவியல் படித்தவன். வாயைத் திறந்து தொலைத்தேன்.

அப்போது ராசிபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். ('தற்காலிக' என்கிற சொல் வரும் இடத்தில் மட்டும் என் அம்மாவுக்குத் தவறாமல் இருமல் வந்துவிடும்.) ஆராய்ச்சி பால்சம் செடிகளைப் பற்றி. அந்த வயதில் எனக்கு உலகத்தில் தெரிந்த ஒரே விஷயம் அதுதான், அதனால் உலகத்தில் இருக்கிற ஒரே விஷயமும் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

பெண் வீடு மோகனூருக்கு வெளியே, தோட்டத்துக்குள். பெண்ணின் அப்பா ரிக் வண்டி வைத்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றிவிட்டு வந்தவர். பூமியை ஆயிரம் அடிக்குக் கீழே பார்த்த மனிதருக்கு எதிரே இருக்கிறவனைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? என்னை ஒரு தடவை பார்த்தார். அந்த இடத்தில் தண்ணீர் இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"மாப்ள என்னமோ செடி படிக்கிறாராமா?" என்று என் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா தலையாட்டியிருந்தால் போதும். நான் முந்திக்கொண்டேன். "பால்சமுங்க. உங்க ஊட்டுக்குப் பின்னாலகூட இருக்குது பாருங்க, காசித்தும்பை. அது ஒரு பால்சம்."

"ஓ."

அந்த 'ஓ' ஒரு முற்றுப்புள்ளி. எனக்கு அது வாசல் திறப்பாகத் தெரிந்தது. கொல்லிமலை ஓடைக்கரையில் கல் இடுக்கில் பூக்கிறதே, அதுவும் பால்சம்தான் என்றேன். நாம் தின்கிற பாகற்காய்க்கும் வெள்ளைக்காரன் பால்சம் என்றுதான் ஒரு பேர் வைத்திருக்கிறான் என்றேன். கனடாவில் ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது, அதன் பிசினை வைத்துத்தான் நாங்கள் கண்ணாடி வில்லைகளை ஒட்டுவோம், அதுவும் பால்சம். பெரு பால்சம் என்று ஒரு மரத்துப் பிசின், அது பெரு நாட்டிலிருந்து வருவதே இல்லை, மத்திய அமெரிக்காவிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு, எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கம் இல்லை, பிரார்த்தனை.

பெண்ணின் அப்பா நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க, இதெல்லாம் ஒரே கூட்டமா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் கேட்கிற கேள்வி அது. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, கட்டக் கூடாது.

"இல்லீங்க. காசித்தும்பையும் கொல்லிமலைப் பூவும் மட்டும் ஒரே கூட்டம், மத்ததெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்லீங்க. பேரு மட்டுந்தான் ஒண்ணு."

"சொந்தமே இல்லாதவனுக்கெல்லாம் ஒரே பேரு வெச்சு, அதைப் படிக்கறதுக்கு ஒரு காலேஜு, அதுக்கு ஒரு சம்பளம்" என்றார் அவர். அந்தச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கும் அவருக்கு நான் நன்றி சொல்கிறேன்.

பெண்ணின் அம்மாவுக்குத்தான் இரக்கம் வந்தது. "புள்ளைக ரெண்டும் தனியா ஒரு வார்த்தை பேசட்டுமே" என்று எங்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்.

அவள் பேர் கோகிலா. அப்பாவின் ரிக் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக வெள்ளைக் காசித்தும்பை பூத்திருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முடிவு செய்தேன். அதை அவளிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு வாய் வரவில்லை. காலம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த வாய் அன்றைக்கென்று பார்த்து அடைத்துக்கொண்டது.

"ஏனுங்க, எங்கிட்ட ஏதாச்சும் கேக்கோணுமா?" என்றாள் அவள்.

"ஒரு சொம்புத் தண்ணி கிடைக்குமுங்களா?"

குடிப்பதற்கு என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தோள்பையிலிருந்து சிவப்பு மைப் புட்டியை எடுத்தேன். (பெண் பார்க்கப் போகிறவன் பையில் சீப்பு இருக்கும், கைக்குட்டை இருக்கும். எனக்கு விடைத்தாள் திருத்துகிற காலம்.) மையைச் சொம்பில் கொட்டினேன். அவள் அம்மா ஆசையாக வளர்த்த செடியில் நல்லதாக ஒன்றை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவிச் சொம்புக்குள் நிறுத்தினேன்.

"இதோட தண்டு கண்ணாடி மாதிரிங்க. செவப்பு மேல ஏறுறது வெளியிலயே தெரியும். நாளைக்குக் காலையில இந்த வெள்ளைப் பூவுல செவப்பு நரம்பு ஓடியிருக்கும் பாருங்க."

"நாளைக்குக் காலையில நாம கோயிலுக்குப் போறமுங்க, பூக் கேக்க."

"பரவாயில்லீங்க. போறதுக்கு முன்னாடி பாத்துட்டு வாங்க."

அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கிடைத்த தனிமையை இப்படியாக நீர்க்கடத்தல் பாடம் எடுத்துச் செலவழித்தேன்.

பூக் கேட்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜாதகம் எப்படி இருந்தாலும் கடைசி வார்த்தை குலதெய்வத்தினுடையது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் கட்டலாம். சிவப்பு வந்தால் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மறுநாள் விடியக்காலம் அந்தத் தோட்டத்தில் கரண்டு இல்லை. கோகிலாவின் அம்மா அரையிருட்டில் பூப் பறிக்க வந்திருக்கிறார். நந்தியாவட்டையை ஆடு மேய்ந்திருக்கிறது. பார்த்தால், துவைக்கிற கல் மேல் எவர்சில்வர் சொம்பில், வெள்ளைப் பூவோடு காசித்தும்பை தயாராக நிற்கிறது. மகள் கோயிலுக்கென்று பறித்துத் தண்ணீரில் வைத்திருக்கிறாள், எவ்வளவு பொறுப்பு என்று நினைத்து, இரண்டு பூவைக் கிள்ளி இலையில் மடித்துக் கட்டிவிட்டார். மற்றதில் செவ்வரளி.

கோயில் காவிரிக்குப் போகிற வழியில், வேப்பமரத்தடியில் இருந்தது. இரண்டு குடும்பமும் கைகூப்பி நின்றோம். எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மி. அன்றைக்கு மட்டும் இருக்கிற அம்மன் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். ஒன்றை எடுத்தார். நாரை அவிழ்த்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னங்க பூசாரி, வெள்ளையா செவப்பா?" என்றார் கோகிலாவின் அப்பா.

"வெள்ளைதான்... ஆனா வெள்ளையில்லீங்க. செவப்பு... ஆனா செவப்பும் இல்லீங்க."

இலையை எல்லாரிடமும் காட்டினார். வெள்ளை இதழ் முழுக்க மெல்லிய சிவப்பு நரம்பு, கிளை கிளையாக. என் ஆராய்ச்சி வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வந்த பரிசோதனை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"ஆத்தா ரத்தங் காட்டிட்டா!" என்று கோகிலாவின் அம்மா மார்பில் கையை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். என் அம்மா அழத் தொடங்கினார். கோகிலாவின் அப்பா இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தார். செவ்வரளி. "அப்ப இதுதான் வெள்ளைப் பொட்டலம். அப்புறம் எப்படிச் செவந்துச்சு? ஏனுங்க பூசாரி, போர் போட்டா தண்ணி வரோணும், இல்லாட்டிப் பொகை வரோணும். ரெண்டுங்கெட்டானா வந்தா என்னன்னு எடுத்துக்கறது?"

பூசாரி, "முப்பது வருசமா பூப் போடறனுங்க, ஆத்தா இப்படிப் பேசி நான் பாத்ததில்லை" என்றார்.

நான் ஓரடி முன்னால் வந்தேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். "பயப்படாதீங்க. அது ஆத்தா இல்லீங்க, நாந்தான். நேத்து நாந்தான் பூவுக்குச் சாயம் ஏத்துனேன்."

பூசாரி இலையைக் கீழே வைத்தார்.

"சாயம் ஏத்துனீங்களா?" என்றார் கோகிலாவின் அப்பா, மிக மரியாதையாக. "வெள்ளைப் பூவுக்குச் செவப்புச் சாயம். பொண்ணு புடிக்கலீன்னா நேத்தே வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க? கனடா வரைக்கும் பேசுனீங்களே?"

"ஐயோ, புடிச்சிருக்குதுங்க! ரொம்பப் புடிச்சிருக்குதுங்க! அதனாலதான் மை ஊத்துனேன்!"

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரியவில்லை. "சைலம் வழியா..." என்று, தண்டுக்குள் தண்ணீர் ஏறுகிற குழாயைப் பற்றித் தொடங்கினேன். "அது யாரு சைலம்?" என்று என் அம்மா அழுகைக்கு நடுவே கேட்டார். அதற்குள் பின்னால் யாரோ 'மருந்து வெச்சுட்டான்' என்று சொல்வது காதில் விழுந்தது. எங்கள் ஊரில் மருந்து வைப்பது என்றால் வசியம். ஒரே நிமிடத்தில் நான் பெண்ணை வேண்டாம் என்றவனாகவும், அதே பெண்ணை மயக்க வந்தவனாகவும் ஆகிவிட்டேன்.

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. கோகிலா. முந்தானையை வாயில் திணித்துப் பார்த்தாள், முடியவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சன்னிதி என்றும் பார்க்காமல் சிரித்தாள். சிரித்து முடித்துத்தான் சொம்பு, மை, செடி எல்லாவற்றையும் சொன்னாள். "நானும் காலையில அவசரத்துல சொம்பைப் பாக்கலீங்கப்பா. அம்மா அதைப் போய்ப் பறிக்குமுன்னு யாரு கண்டா?"

உண்மை தெரிந்தது. பிரச்சினை தீரவில்லை. மறுபடி ஒரு தடவை பூப் போடலாமே என்றார் என் அம்மா. பூசாரி மறுத்துவிட்டார். "ஆத்தாகிட்ட கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கக் கூடாதுங்க. அடுத்த அமாவாசைக்கு வாங்க."

அந்த அமாவாசை வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத முடியாது. வகுப்பில் காசித்தும்பை வருகிற பக்கத்தைப் படிக்காமலே தாண்டிப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செடியை வெறுத்தேன். சிவப்பு வந்துவிட்டால் அவ்வளவுதான். அவள் வேறு யாருக்கோ மனைவி ஆவாள், வேறு எங்கோ சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும்.

அமாவாசையன்று கோயில் வாசலிலேயே கோகிலாவின் அப்பா என்னை நிறுத்தினார். "மாப்ள, கையக் காட்டுங்க." இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தையும் விடவில்லை. பையைப் பிடுங்கி வண்டியில் வைத்துப் பூட்டினார். "நீங்க அக்கட்டால அந்த மரத்தோரம் நில்லுங்க. பூவு, இலை, நாரு எல்லாம் நானே கொண்டாந்திருக்கறேன். எவனும் தொடப்படாது."

மரத்தோரம் நின்றேன். பூசாரி குலுக்கிப் போட்டார், எடுத்தார், பிரித்தார். பளிச்சென்று நந்தியாவட்டை, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. என் அம்மா இந்தமுறையும் அழுதார். எல்லாரும் திருநீறு வாங்குவதற்குள் கோகிலாவின் அப்பா மிச்சப் பொட்டலத்தை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "நேரமாச்சு, இத ஆத்துல உட்டுட்டு வாரேன்" என்று காவிரிப் பக்கம் நடந்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. பரிசோதனையும் எங்கள் குடும்பத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத எதற்கும் எங்கள் வீட்டில் 'பால்சம்' என்றுதான் பேர். நிலத் தகராறு என்ன ஆச்சு? பால்சம். மழை வருமா? பால்சம். புதுப் புடவை நன்றாக இருக்கிறதா என்று கோகிலா கேட்டு நான் ஒரு விநாடி யோசித்தாலும், "என்னங்க, பால்சமா?" என்பாள். இன்றைக்கும் மாமனார் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் கையைக் காட்டிவிட்டுத்தான் பந்தியில் உட்கார வேண்டும்.

போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் அதே பரிசோதனை. வெள்ளைக் காசித்தும்பை வேண்டும் என்று அவளுடைய அப்புச்சியிடம், அதாவது என் மாமனாரிடம் போனாள். அவரே செடியைப் பிடுங்கிக் கொடுத்து, மை ஏறுவதைப் பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தார். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா அன்னைக்கு இப்படித்தான் சாமியை ஏமாத்துனாங்களா அப்புச்சி?" என்றாள் மகள்.

"இல்ல சாமி, உங்கொப்பன் ஏமாத்தல. அது தெரியாம நடந்தது. நாந்தான் தெரிஞ்சே ஏமாத்துனேன்."

நான் பேப்பரை இறக்கினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டாந்தடவை, ரெண்டு பொட்டலத்துலயுமே வெள்ளைதான் வெச்சிருந்தேன்."

"ஏனுங்க அப்புச்சி?"

"உங்கம்மா பொறந்ததுல இருந்து அமைதியான புள்ள. அன்னைக்குக் கோயில்ல மரத்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சா பாரு, அப்படிச் சிரிச்சு நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்ல. தண்ணி கண்ட எடத்தை விட்டுப்போட்டு எவனாச்சும் வேற எடத்துல போய்ப் போர் போடுவானா?"

மகள் விடவில்லை. "அப்ப ஆத்தா நெசமாவே சரின்னு சொன்னாங்களா, இல்லியா?" என்றாள்.

அவர் சொம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பூவைப் பார்த்தார். முதல் சிவப்பு நரம்பு இதழில் ஏறியிருந்தது.

"அது பால்சம், சாமி" என்றார் என் மாமனார்.