ஏழு பத்து பஸ்ஸும் நானும்

கட்டுகஸ்தோட்டை,
14 ஜூலை 1936.

கம்பளையில் மச்சானோடும் பிள்ளைகளோடும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக வாழும் என் ராத்தா சித்தி றலியா அவர்களுக்கு, தம்பி சாஹுல் ஹமீது ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. உடம்பால் நான் சுகம். மற்றவற்றைக் கீழே படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்காகப் பின்னறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு வருஷமாக நீங்கள் கூப்பிடுவதும் நான் சாக்குச் சொல்வதுமாக இருந்தோம். இனிச் சாக்கு இல்லை. வரும் வியாழக்கிழமை பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறேன்.

இதென்ன திடீர் முடிவு என்று மச்சான் கேட்பார். எல்லாம் உங்களால் வந்தது, ராத்தா. என் வீட்டாள் கைரியா மவுத்தாகி என்னைத் தனியே விட்டுப்போன பிறகு நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். பென்சன் வாங்குகிற மனிதன், பிள்ளை குட்டி இல்லை. காலையில் கை தன்பாட்டுக்கு இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிவிடும். வீணாக்கக் கூடாதென்று இரண்டையும் நானே குடிப்பேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போய், முப்பது வருஷம் நான் டிக்கட் கொடுத்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து மாத்தளை ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புதிதாக வந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒரு நாள், "ஐயா, ஒவ்வொரு நாளும் வாறியள், ஒருநாளைக்காவது டிக்கட் எடுங்கோவன்" என்றான். அன்றோடு அதையும் விட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் எழுதினீர்கள், யாராவது வாசலுக்கு வந்து கூப்பிட்டால் மறுபேச்சுப் பேசாமல் எழும்பிப் போ தம்பி என்று. வாசலுக்கு வந்தது யார் தெரியுமா? மடவளை மஹ்மூத். சொந்தமாக இரண்டு பஸ் ஓட்டுகிறானே, அவன்.

"நானா, நீங்க ரயிலையே நேரத்துக்கு அனுப்பின மனிசன். என்ட ரெண்டு பஸ்ஸும் நெனச்ச நேரம் போகுது. பாலத்தடியில ஒரு கதிரையப் போட்டு இருந்து, விசில் ஊதி அனுப்பிவிட ஏலாதா?" என்றான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாலு நாள் யாரோடும் பேசாத தொண்டை, கோழி மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான். எனக்கும் என் சத்தத்தைக் கேட்டுக் கொஞ்சம் பயமாகிவிட்டது. மறுநாள் போனேன்.

முதல் நாள் ஏழு பத்துக்குக் கண்டி பஸ். மணிக்கூட்டைப் பார்த்தேன், விசில் ஊதினேன், பச்சைக் கொடியும் காட்டினேன். டிரைவர் கணபதி தேத்தண்ணிக் கடையிலிருந்து கிளாஸோடு ஓடிவந்து ஏறினான். கிளாஸைக் கேட்டுக் கடைக்காரர் ஓடினார். வெற்றிலை வாங்க இறங்கியிருந்த மஹ்மூதின் மாமியார் உம்மு குல்சும் ஓடவில்லை. அந்த உடம்பு ஓடுகிற உடம்பில்லை. கண்டியில் ஒரு கல்யாண வீட்டுக்கு அவர் சட்டியோடு கொண்டுபோன வட்டிலப்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பாலத்தடியில் நின்றார். அடுத்த பஸ் வரும்வரை ஒரு மணித்தியாலம் என் கதிரையில் இருந்துகொண்டு என்னை ஏசினார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, "நீங்க கைரியாட மாப்பிள்ளையா? பாவம், நல்ல மனிசி. உங்களோட எப்படித்தான் காலம் தள்ளினாவோ!" என்றார். இரண்டு வருஷத்தில் என் வீட்டாள் பெயரை என்னிடம் முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான், ராத்தா. கோபிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், ஆற்றில் குளித்துவிட்டு ஏறிய ஒரு யானை பாலத்து வாயில் நின்றுவிட்டது. நான் சிவப்புக் கொடி காட்டி பஸ்ஸை நிறுத்தினேன். யானையும் நின்றபடியே நின்றது. "நானா, அதுக்கும் பச்சக் கொடியக் காட்டிப் பாருங்க, போனாலும் போகும்" என்றான் கணபதி. எரிச்சலில் காட்டியும் விட்டேன். யானை போகத்தான் செய்தது. கொடியையும் வாங்கிக்கொண்டு போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு வத்தேகம வரை கேட்டிருக்கும். வெட்கக்கேடு, நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் நேற்று நடந்ததை மன்னிக்க முடியாது. பின்னேரம் மஹ்மூத் பஸ்ஸின் பின்படியில் ஒரு கால் வைத்து யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் ரயில் ஊதியது. விசில் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் எடுக்கவேண்டும் என்று கணபதியைப் பழக்கி வைத்திருந்தவன் நான், அவன் எடுத்துவிட்டான். மஹ்மூத் ஒற்றைக் காலில் பாலம் பாதிவரை போய் விழுந்தெழும்பி, ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து, அத்தனை பேர் முன்னாலும், "நானா, இது பஸ்ஸு, ரயிலில்ல! வயசு போனா வீட்ட இருக்கோணும்!" என்று கத்தினான். நான் கதிரையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நியாயமான பேச்சுத்தானே. வீட்டில் இருக்கவேண்டியவன் உங்கள் வீட்டிலாவது வந்து இருக்கிறேன். இன்று காலை வேலைக்குப் போகவில்லை. இதை எழுதி முடித்துத் தபாலில் சேர்க்க மட்டும் வெளியே இறங்குவேன்.

மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் எனக்குக் கொஞ்சம் புத்தியையும் கேட்டு துஆ செய்யுங்கள்.

உங்கள் சொல் தட்டாத தம்பி,
சாஹுல் ஹமீது

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் பாலத்தைக் கடந்துதானே போகவேண்டும்? ஏழு பத்து பஸ் ஏழு முப்பத்தைந்துக்கும் அங்கேயே நின்றது. கணபதி கையைக் கட்டிக்கொண்டு, "நானா ஊதாம எடுக்கமாட்டேங்க. மொதலாளி சொன்னாலும் எடுக்கமாட்டேன்" என்றான். உம்மு குல்சும் ஜன்னலால் தலையை நீட்டி, "வீட்ட தனிய இருந்து என்னத்த செய்றீங்க? நாங்க போகத் தேவல்லியா?" என்று ஏசினார். மஹ்மூத் என் கதிரையைத் தோளில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். விசில் என் பையில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று மச்சானைக் கேட்க விடாதீர்கள். ஊதினேன். முத்திரை ஒட்டியாகிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். அறையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வியாழக்கிழமை எனக்கு வேலை நாள். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் மடவளை பஸ் இப்போதுதான் வந்து நிற்கிறது. ஆறு நிமிஷம் தாமதம். அந்த டிரைவரை நான் விடப்போவதில்லை.