இரண்டு மூக்குக் கெட்டிலும் உயிரோடிருக்கும் என் மனைவியும்

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் மகன் என்னைவிடச் சுகம். என் மனைவி உயிரோடு சுகம். கடைசியில் சொன்னதை ஏன் தனியாக அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்குத் தோன்றலாம். உன் காதுக்கு வேறு மாதிரி ஏதாவது வந்திருந்தால் நம்ப வேண்டாம். அது செய்தி அல்ல, உன் மகனுடைய கல்லூரிப் பாடம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் அதைத் தயவுசெய்து உன் மகனிடம் சொல்லிவிடாதே. அதற்கும் ஒரு நாற்காலி செய்து, அத்தானுக்குக் காலே இல்லை என்று சுவரில் எழுதி மாட்டிவிடுவான்.

பையன் பொருள்கள் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறான், டிசைன் கல்லூரி என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாடி அறை சும்மாதானே கிடக்கிறது என்று நீதான் அவனைக் கொண்டுவந்து விட்டாய். நானும் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். வீட்டில் ஆடுகிற மேசை ஒன்று உண்டு, வந்தால் சரிசெய்து கொடுப்பான் என்று ஒரு சின்ன ஆசை. மேசை இன்னும் ஆடுகிறது. சேர்ந்த புதிதில் அவனை ஒரு கரண்டி செய்யச் சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் மாடியே கதி என்று கிடந்தான். கடைசியில் கரண்டியைக் காட்டுடா என்றால், கரண்டி தன் அம்மாவைப் பிரிந்து வந்த கதையைப் படித்துக் காட்டினான். அம்மா யார் என்று கேட்டேன். அகப்பையாம். நன்றாகத்தான் எழுதியிருந்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், அகப்பை விடைகொடுக்கிற இடத்தில் என் மனைவிகூட மூக்கை உறிஞ்சினாள். சரி, கரண்டி எங்கே என்றேன். "கரண்டி அவ்வளவு முக்கியம் இல்ல மாமா. இப்பல்லாம் யாரும் பொருளை வாங்குறதில்ல, கதையைத்தான் வாங்குறாங்க" என்றான். அந்தக் கதையை வைத்து எதையாவது அள்ள முடியுமா என்று கேட்டதற்கு, என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் சரிபார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். நகராத லாரி கவிழ்ந்த கதை, காலிக் கிடங்கு எரிந்து சரக்கெல்லாம் சாம்பலான கதை, எல்லாம் கேட்டவன். அடுத்தவர் கதையை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். என் வீட்டு மாடியிலேயே ஒரு கதைப் பட்டறை வந்து உட்கார்ந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்.

இந்த வருஷம் அவனுக்குக் கடைசி வருஷம். கடைசி புராஜெக்டுக்கு நிஜமான ஒரு மனிதர் வேண்டும், அவரோடு கூடவே இருந்து பார்த்து, அவர் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை எடுத்து, கதையிலிருந்து பொருளை எடுக்க வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து என் மகளுக்குப் பிரசவம். என் மனைவி மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் அவனும். "மாமா, நீங்கதான் என் யூசர்" என்றான். ஏதோ பட்டம் கொடுக்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினேன். அன்றிலிருந்து நான் பல் தேய்த்தால் எதிரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சர்க்கரை டப்பாவைத் தேடினால் பின்னாலேயே வருகிறான், ஆனால் எடுத்துக் கொடுக்க மாட்டான். "எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல, சொல்லித் தொலையேன்டா" என்றால், "நான் குறுக்க வரக் கூடாது மாமா. நீங்க இயல்பா தவிக்கணும்" என்கிறான். இயல்பாகத் தவித்தேன். கெட்டில் மூடி விரலைச் சுட்டது, அதையும் படம் எடுத்துக்கொண்டான். ஒரு நாள் காலையில் பழக்க தோஷத்தில் மேசைமேல் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதையல் கிடைத்தவன் மாதிரி ஆகிவிட்டான். "ஏன் மாமா ரெண்டு?" பழக்கம்தான் என்றேன். "அத்தை இல்லாதது எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான். விரல் எரிச்சலோ என்னவோ, "அவ இல்லாம டீ வாயில வைக்க விளங்கலடா. எதிர்ல உக்காந்து குறை சொல்ல ஆள் இல்லன்னா தொண்டைக்குள்ள இறங்கவே மாட்டேங்குது" என்று உளறிவிட்டேன்.

அதற்குப் பிறகு கல்லூரியில் நடந்தது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. கதைசொல்லல் வகுப்பு எடுக்கும் பேராசிரியை ஒருவர் இருக்கிறார், பையன்கள் அவருக்கு வைத்த பெயர் வட்டக் கண்ணாடி. அந்த அம்மாள் என் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை எங்க போயிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். மகள் வீட்டுக்கு என்றிருக்கிறான். "எப்ப வருவாங்க?" அடுத்த மாதம் என்றிருக்கிறான். அம்மாளுக்கு முகமே வாடிவிட்டதாம். "அடுத்த மாசம் திரும்பி வர்றவங்களுக்காக யாரும் உருக மாட்டாங்கப்பா. போய்ட்டாங்க, அதோட நிறுத்து. எங்கேன்னு சொல்லாத. மீதியைப் பார்க்கிறவங்க நிரப்பிக்குவாங்க" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். "நான் ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதல மாமா" என்று உன் மகன் இன்றுவரை சாதிக்கிறான். கிளெய்ம் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. உன் பிள்ளை என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

கல்லூரிக் கண்காட்சிக்கு முந்தின வாரம் இவள் திரும்பி வந்துவிட்டாள். இருவரும் நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனோம். பெரிய கூடம். வாசலிலேயே ஒரு நாற்காலி, உட்காரப் போனேன், ஓடிவந்து தடுத்தார்கள், உட்கார்ந்தால் கதை கெட்டுவிடுமாம். அடுத்தது துணியில்லாத குடை, நனைந்துபோன ஒரு பிள்ளைப் பருவத்தின் நினைவாம். அதைத் தாண்டினால், அக்கா, சுவர் உயரத்துக்கு நான். தூங்கி எழுந்த தலைமுடியோடு, ஒரு காலிக் கோப்பையை வெறித்துப் பார்த்துக்கொண்டு. கீழே கொட்டை எழுத்தில், 'அவள் போய்விட்டாள். கோப்பைகள் இன்னும் இரண்டு.' இவள் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள், அதனால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "தலையையாவது வாரியிருக்கலாம்" என்றாள். நான் அந்த வரியைப் படித்து, அது எங்கே போகிறது என்று யோசிப்பதற்குள் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப ஆச்சு?" என்றார். ஓய்வு பெற்றதைக் கேட்கிறார் என்று நினைத்து, "போன வருஷம்தாங்க" என்றேன். "எப்படித் தாங்கினீங்க?" என்றார். "அட, ஆரம்பத்துல நிம்மதியாத்தான் இருந்தது. இஷ்டப்பட்ட நேரத்துக்கு எழுந்திருக்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்" என்றேன். கையை விட்டுவிட்டார். அப்போது இவள் பக்கத்தில் வந்து நின்றாள். "இவங்க?" என்றார் அந்தப் பெண்மணி. என் மனைவி என்றேன். "அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு, துணியில்லாத குடை பக்கம் போய்விட்டார்.

பிறகு நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் பெரியவர் பாத்திரக் கம்பெனி முதலாளி. உன் மகன் தான் செய்த கெட்டிலை மூடியிருந்த துணியை விலக்கினான். அதற்கு இரண்டு மூக்கு. ஒன்றில் டீ வரும், அது எனக்கு. இன்னொன்று அடைத்த மூக்கு, அதில் எதுவும் வராது, அது போய்விட்டவளுக்கு. கூடமே பெருமூச்சு விட்டது. முதலாளி ஊற்றிக் காட்டச் சொன்னார். உன் மகன் சாய்த்தான். வர வேண்டிய மூக்கில் சொட்டுச் சொட்டாக வந்தது, வரக் கூடாத மூக்கு அடைப்பைப் பிய்த்துக்கொண்டு முதலாளியின் கால்சட்டையில் கொதிக்கக் கொதிக்கப் பாய்ந்தது. அவர் துள்ளிவிட்டார். அத்தோடு ஒழிந்தது என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஆனால் வட்டக் கண்ணாடி முன்னால் வந்து, தாழ்ந்த குரலில், "கெட்டில் அழுகிறது" என்றார். முதலாளி ஒரு கையால் தொடையையும் இன்னொரு கையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இவளுக்கு அப்போதுதான் யாரோ அந்த வரியையும், அதன் கீழே பொடி எழுத்தில் ஒட்டியிருந்த என் டீ உளறலையும் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நேரே முன்னால் போய், "அந்த அவள் நான்தாங்க. மகளுக்குப் பிரசவம்னு போயிருந்தேன்" என்றாள். இனி தப்பிக்க வழியில்லை என்று நினைத்தேன். வட்டக் கண்ணாடி இவள் தோளில் கை வைத்து, கூட்டத்தைப் பார்த்து, "ஒரு பொருள் ஒருத்தரைத் திரும்பவே கொண்டுவந்துடுச்சு" என்றார். கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. முதல் பரிசு உன் மகனுக்கு. டீ ஊற்றத் தெரியாத கெட்டிலுக்கு முதல் பரிசு கொடுக்கிற ஒரே இடம் அந்தக் கல்லூரியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இவள் கேட்டாள்: "நான் இல்லாம டீ தொண்டையில இறங்கலன்னு சொன்னீங்களாமே?" ஆமாம் என்றேன். "நான் இருக்கிறப்ப என்னைக்காவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?" நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. "முன்னபின்ன தெரியாதவங்க நடுவுல நின்னு, சுவத்துல எழுதி ஒட்டி, அதையும் யாரோ படிச்சுச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அதுக்கு நான் செத்துவேற போகணுமா?" என்றாள். "இப்ப சொல்றேன், நல்லாருக்கும்" என்றேன். "இப்பத்தான் டீயே இல்லையே" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், அன்றிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. காய் நறுக்கிக் கொடேன் என்றால், "போனவ எப்படி நறுக்குவா" என்கிறாள். என் சட்டை எங்கே என்றால் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "மீதியை நீங்களே நிரப்பிக்குங்க" என்கிறாள். நேற்று என் பழைய அலுவலக நண்பர், செய்தி கேள்விப்பட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தது இவள். அவர் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, உக்காருங்க. டீதான் தர முடியாது, நான் போய்ட்டேன்" என்றாள். நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நிஜமாவே கஷ்டமான நேரம்தான்" என்றார். சிரிக்காதே அக்கா. கிளெய்ம் கேட்டு வந்தவர்களை எல்லாம் கேள்வி கேட்டே மடக்கியவன், இவளிடம் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

இதற்கு மேலும் ஒன்று. அந்த முதலாளி கெட்டிலைக் கடை கடையாக விற்கப் போகிறாராம், பெட்டிமேல் என் படம், அந்தத் தலைமுடியோடு. என் சம்மதம் வேண்டுமாம். உயிர் போனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். நீ உடனே கிளம்பி வந்து உன் மகனை அந்தக் கல்லூரியிலிருந்து கூட்டிக்கொண்டு போ. கரண்டி செய்தால் கரண்டி வருகிற இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடு. இது என் உறுதியான முடிவு, வட்டக் கண்ணாடியே நேரில் வந்து அழுதாலும் மாற மாட்டேன்.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கும் நீடித்த ஆயுளும், கதை கேட்காத காதும் வாய்க்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் பொருட்படுத்தாதே. இதை உறையில் போடப் போகும்போது அந்த முதலாளி நேரில் வந்துவிட்டார், பின்னாலேயே வட்டக் கண்ணாடியும். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் எழுந்து, "கதையை மாத்துங்க. அவரு போய்ட்டாருன்னு வைங்க. நான் இருக்கேன்" என்றாள். வட்டக் கண்ணாடி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இதில் ஆழம் அதிகம் என்றார். உடனே கோப்பையும் கையுமாக இவளைப் படம் எடுத்தார்கள். எத்தனை முறை எடுத்தாலும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. உன் மகன் சலித்துக்கொண்டான், அந்தச் சிரிப்புதான் கதை என்று அம்மாள் அடக்கிவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், போட்ட கையோடு இவள் எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள், பழைய கெட்டிலில்தான். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், எல்லார் எதிரிலும். பையன் அங்கேயே படிக்கட்டும். வெளியீட்டு விழாவுக்கு நீ அவசியம் வர வேண்டும். யாராவது உன்னிடம் துக்கம் விசாரித்தால், தம்பி தங்கமான மனுஷன் என்று மட்டும் சொல்லு. கொஞ்சம் சத்தமாகச் சொல்லு, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.