ஒரு நிமிஷம் பத்து செகண்டு

எலுமிச்சம்பழம் இருபத்தெட்டு கிராம் இருந்தது. கூடக் கோத்திருந்த ஏழு பச்சை மிளகாயும் நூலும் சேர்ந்து பதினாறு. முனியராஜ் தராசை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

"ட்ரோன்ல எலுமிச்சம்பழத்தக் கட்டுனது யாரு?"

"மாடத்தி மதினி," என்றாள் கற்பகவல்லி, தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே. "ஊர்க் கண்ணு பூராம் அதும்மேலதான் இருக்காம்."

"நாப்பத்திநாலு கிராமு கற்பகம். நாலு நாளா ராவி ராவி ஒடம்பக் கொறச்சு வச்சிருக்கேன்."

"ஒங்க ஒடம்பச் சொல்லுதீகளோன்னு நெனச்சேன்."

அதுவும் உண்மைதான். பங்குனியிலிருந்து ட்ரோனும் அவனும் ஒன்றாக இளைத்துக்கொண்டு வந்தார்கள்.

முனியராஜ் கல்யாணம், காதுகுத்துகளுக்கு வீடியோ எடுக்கிறவன். ட்ரோன் அதற்காக வாங்கியதுதான். ஆனால் அதன் வேகத்தைக் கூட்ட அவன் பட்ட பாடெல்லாம் கல்யாணத்துக்காக இல்லை. கற்பகத்துக்காக.

ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே அவர்கள் ஊர். அங்கிருந்து கரிசல் காட்டைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் பட்டாசுக் கம்பெனி. கற்பகம் அங்கே பதினாலாம் நம்பர் ரூமில் தரைச்சக்கரத்துக்குத் திரி வைக்கிறாள். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. காலையில் கேட்டில் வாட்ச்மேன் நாகையாவிடம் கொடுத்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். அதனால் எந்தத் திசையில் சத்தம் கேட்டாலும் ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஓடுவது. ஓடிப்போய் கேட்டில் நிற்பது. உள்ளேயிருந்து யாராவது வந்து பேர் சொல்லும்வரை நிற்பது.

பங்குனியில் ஒருநாள் அப்படி ஒரு சத்தம். அது கல்குவாரியில் வைத்த வெடி. முனியராஜுக்கு அது தெரியாது. கையில் ட்ரோன் இருந்தது, பறக்கவிட்டான். போய்ச் சேர மூன்று நிமிஷம். கம்பெனி முழுசாக இருந்தது. ஆனால் பதினாலாம் நம்பர் வாசலில் கற்பகம் இல்லை. வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவன் ரிமோட்டை நடுத்தெருவில் போட்டுவிட்டு, சட்டையில் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினான். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகையைப் பார்க்கக் கம்பெனியே திரண்டு வந்தது. ஆளில்லாத ட்ரோன் மாடத்தி வீட்டு ஆட்டுக்கொட்டத்தில் இறங்க, ஒரு வெள்ளாடு மூன்று நாள் பால் தரவில்லை.

கற்பகத்துக்கு மானம் போனது. வீட்டுக்கு வந்ததும் இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தினாள். "இன்னமே ஒங்க மிசினு சத்தம் கேட்டா, நான் எங்கன கெடந்தாலும் பதினாலாம் நம்பர் வாசல்ல வந்து நிப்பேன். செவப்புத் துண்ட ஆட்டுவேன். அது திரும்புற வரைக்கும் ஆட்டுவேன். தாய் மேல சத்தியம். போதுமா?"

போதும் என்றான். ஆனால் போதவில்லை.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் சாபிரிடம் போய் உட்கார்ந்தான். "மூணு நிமிஷம் ஆகுது சாபிரு. அந்த மூணு நிமிஷத்துல நான் அவளுக்கு மூணு தடவ கருமாதி பண்ணி முடிச்சிருதேன்."

சாபிர் நல்ல பையன். சிரிக்கவில்லை. ட்ரோன் கம்பெனிக்காரன் போட்டிருந்த வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டான். முறுக்கு அதிகமான றெக்கைகளை எங்கிருந்தோ வரவழைத்து மாட்டினான். கூலி வாங்கவில்லை. "அக்காவுக்காகச் செய்யுறேன், நீங்க கும்பிடுற சாமிக்கிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றான்.

செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு ஒத்திகை என்று ஏற்பாடு. புது றெக்கையோடு போன முதல் செவ்வாய், நேரம் இரண்டு நிமிஷமாகக் குறைந்தது. முனியராஜ் குதித்தான். ஆனால் திரையில் பார்த்தபோது கம்பெனியே கலைந்து ஓடிக்கொண்டிருந்தது. பெண்களும் ஆண்களுமாகக் கருவேலங்காட்டுக்குள் புகுந்தார்கள். ஒருவர் முள்ளுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு மற்றதை வெளியே விட்டிருந்தார்.

சாயங்காலம் அந்தத் தலையே வீட்டுக்கு வந்தது. ஃபோர்மேன் சபரிநாதன். நெற்றியெல்லாம் கீறல்.

ரூமுக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். சீசன் நேரம் என்று ஏழெட்டுப் பேரை உட்கார வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் அதிகாரிகளும் ட்ரோன் விட்டுத்தான் தலையை எண்ணுகிறார்கள். முன்னே முனியராஜின் ட்ரோன் ஈ மாதிரி வரும், யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது கதண்டுக் குளவிக்கூடு கலைந்த மாதிரி இரைச்சல். ஆபீசர் வண்டி என்று நினைத்து அதிகப்படி ஆட்கள் ஓடிவிட்டார்கள்.

"தம்பி, நீ ஒம் பொஞ்சாதிய எண்ணுறதுக்கு வார. எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சபரிநாதன். திட்டத்தான் வந்தார். கற்பகம் நெற்றிக்கு மஞ்சள் குழைத்துக் கொடுத்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. தன் தம்பியும் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில்தான், என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். போகும்போது, அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் ரிப்பனைக் கட்டிவிடு, நான் ஆட்களிடம் சொல்லிவைக்கிறேன் என்றார்.

ரிப்பன் கட்டியதில் நேரம் பன்னிரண்டு செகண்டு கூடியது.

கற்பகத்துக்கு மட்டும் அந்த இரைச்சல் பிடித்துப்போனது. "நல்லதாப் போச்சுங்க. முன்ன தலைக்கு மேல வந்தாத்தான் தெரியும். இப்ப கேட்டுல நின்னாக்கூடக் கேக்குது. ஓடியாந்து நிக்கத் தோதா இருக்கு."

ரிப்பனில் இழந்ததை எடைக் குறைப்பில் பிடிப்பது என்று முடிவு செய்தான். கால்களை அறுத்தான். காலில்லாத ட்ரோன் தரையில் இறங்க முடியாது. கையால் பிடிக்க வேண்டும். அதில் இரண்டு விரலுக்குத் தையல். மேல்மூடியை ராவினான். பெரிய பேட்டரி போட்டான். அது சூடேறிக் கொதித்ததால், பறந்து வந்ததும் மணல்வாளிக்குள் புதைத்து, வாளியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

"நான் மருந்துக்கு நடுவுல ஒக்காந்திருக்கையில பயமே இல்ல," என்றாள் கற்பகம். "வீட்டுக்கு வந்து இந்தக் கட்டில்ல படுக்கத்தான் பயமா இருக்கு."

வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அதையே கொண்டு போனான். தாலி கட்டும் நேரத்தில் ட்ரோன் மணமகனைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, ரோட்டோர இளநீர்க் கடைக்காரரை வெகு துல்லியமாகப் படம் எடுத்தது. திரும்பி வரும் காற்றில் மணமகளின் தாய்மாமன் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதால் அட்சதை போட முடியவில்லை. அதன்பிறகு அந்தப் பக்கத்து ஆர்டர் எதுவும் வரவில்லை.

இன்னொரு குறையும் சேர்ந்தது. அந்த வேகத்தில் போகிற வண்டி நினைத்த இடத்தில் நிற்கவில்லை. பதினாலாம் நம்பரைக் கடந்து போய், அகலமாக ஒரு வட்டம் அடித்துத்தான் திரும்பியது. ஒரு பார்வையில் முடிந்த காரியத்துக்கு இப்போது இரண்டு மூன்று சுற்று வேண்டியிருந்தது. அதுவரை கற்பகம் வெயிலில் நின்று துண்டை ஆட்டினாள்.

"கை கடுக்குதுங்க," என்றாள் ஒருநாள்.

"வேகமாப் போயிருதுல்ல?"

"போகத்தான் செய்யுது. நிக்கத்தான் மாட்டேங்குது." பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நிக்கேன்," என்றாள்.

பாசம் அளவோடு இருந்தால் விளக்கு. திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தால் கூரையைத் தொடும். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரி எத்தனை கிராம் என்று கேட்டிருப்பான்.

இப்போது தராசில் எலுமிச்சம்பழம் இருக்கிறது. அதை அவிழ்த்து வைத்தான். அடுத்து றெக்கைத் தண்டில் சுற்றியிருந்த இருக்கன்குடி மஞ்சள் கயிற்றைத் தொட்டான். எட்டு கிராம். கையை எடுத்துக்கொண்டான்.

"தாயே, நீ இரு," என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நேரம் ஒரு நிமிஷம் பத்து செகண்டு. முனியராஜ் கடிகாரத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான்.

அடுத்த புதன்கிழமை, பத்தேமுக்கால் மணிக்கு, அடுக்குப்பானைகள் ஒன்றோடொன்று மோதின. பிறகுதான் சத்தம் வந்தது. தெற்கே, கம்பெனித் திசையில், வெள்ளைப் புகை குடையாக விரிந்தது. இது கல்குவாரி இல்லை.

தெரு கத்திக்கொண்டு வெளியே வந்தது. முனியராஜ் கத்தவில்லை. மூன்று மாதமாகப் பழகிய கை தானாக வேலை செய்தது. ட்ரோன் பாய்ந்தது. ஓடப் போனவர்கள் பாதிப்பேர் அவன் கையிலிருந்த திரையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மாடத்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் பாண்டிச்செல்வி பன்னிரண்டாம் நம்பரில் வேலை.

ஒரு நிமிஷம் எட்டு செகண்டு. பின்வரிசையில் ஒன்பதாம் நம்பர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. மற்ற ரூம்கள் நின்றன. வாசல்களில் செருப்புகள் மட்டும் சோடி சோடியாகக் கிடந்தன. பன்னிரண்டில் யாரும் இல்லை. பதிமூன்றில் யாரும் இல்லை. பதினாலாம் நம்பர் வாசலும் காலியாக இருந்தது.

வண்டி நிற்காமல் கடந்து போனது. வட்டம் அடித்துத் திரும்புவதற்குள் முனியராஜின் உதடு வெளுத்துவிட்டது. இரண்டாம் சுற்று. புகை. சிதறிய ஓடு. காலி வாசல். மூன்றாம் சுற்றில், புகைக்கு நடுவே, பதினாலாம் நம்பர் வாசலில் சிவப்புத் துண்டு ஆடியது.

"நிக்கா," என்றான். "எங் கற்பகம் நிக்கா. தாயே, நிக்கா."

"எஞ் செல்வி எங்கப்பா?" என்றாள் மாடத்தி. "ஒரே ஒரு தடவ பாருய்யா."

தன் ஆள் தெரிந்ததும் வண்டியைத் திருப்புகிறவனில்லை முனியராஜ். மாடத்திக்காக இன்னும் இரண்டு சுற்று விட்டான். செல்வியைக் காணோம். வேறு ஒரு மனித உருவமும் இல்லை. சிவப்புத் துண்டு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு பேட்டரி கொதித்து, திரை இருண்டு, வண்டி எங்கோ கருவேலத்துக்குள் விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு சத்தம் கேட்டது. விழுந்த வண்டியின் பேட்டரி வெடித்தது என்று முனியராஜ் நினைத்துக்கொண்டான்.

மாடத்தி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முனியராஜ் அவளைத் தூக்கி நிறுத்தினான். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டான். அழுதுகொண்டு போன அத்தனை பேருக்கும் நடுவில் அவன் ஒருவன்தான் நிதானமாக நடந்தான். கண்ணால் பார்த்தவன் அல்லவா. வழியெல்லாம் மாடத்திக்கு ஆறுதல் சொன்னான். "பயப்படாதீக அக்கா, மாரி கைவிட மாட்டா. எனக்குக் காட்டுனவ ஒங்களுக்கும் காட்டுவா."

கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில், கம்பெனி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கரி படிந்த முகங்கள், வெறுங்கால்கள். ஒன்பதாம் நம்பரில் மருந்து பொரிந்த வாசம் வந்ததுமே சபரிநாதன் விசிலை ஊதிவிட்டார். வெடிப்பதற்குள் ரூமெல்லாம் காலியாகியிருந்தது. இப்போது நோட்டை வைத்துக்கொண்டு பேர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு "இருக்கேன்" வந்தது. பாண்டிச்செல்வி பேருக்கும் வந்தது. அவள் இரண்டு கையிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது. மாடத்தி போய் அவள்மேல் விழுந்தாள்.

"கற்பகவல்லி," என்று வாசித்த சபரிநாதன் கேட்டில் நிற்கிறவனைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

முனியராஜ் குடத்தை இறக்கி வைத்தான். வாட்ச்மேன் நாகையா வந்து அவன் கையைப் பிடித்தார்.

உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். ரெண்டாவது வெடியில் காலும் வலது கையும் வெந்துவிட்டது. பாண்டிச்செல்விதான் உள்ளே ஓடி இழுத்து வந்தாள். சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பியாயிற்று, பேசிக்கொண்டுதான் போனாள், உன்னைப் பதற வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

"எல்லாரும் தப்பிச்சிருக்காகளே," என்றான் முனியராஜ். "அவ மட்டும் எப்படி? அவ வெளிய நின்னா. நான் பாத்தேன். துண்ட ஆட்டிக்கிட்டு நின்னாளே."

நாகையா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொத ஆளா கேட்டத் தாண்டி வந்து இந்தப் புளியமரத்தடியில எம் பக்கத்துலதான்யா ஒக்காந்திருந்துச்சு, ஒம் மிசினு வார சத்தம் கேக்கவும், 'அவுக தேடுவாக'ன்னு எந்திரிச்சுப் பதினாலாம் நம்பருக்கு ஓடிருச்சு."