எல்லைக்கோட்டில் ஒரு வீடு

வீட்டில் இருந்தவர்கள்: வாங்க வந்த தையல்காரர், ஏழு மாத வயிற்றோடு அவர் மனைவி, கேட்காமலே யோசனை சொல்லும் அவளுடைய அண்ணன், தரகர். மூலை நாற்காலியில் வீட்டுக்கார அம்மா. பேரத்தை அவள் தரகரிடமே விட்டிருந்தாள்.

மேட்டுப் பகுதிக்கும் பள்ளத்துப் பகுதிக்குமான எல்லை இந்த வீட்டுக்குள்தான் போகிறது. மேட்டில் விலை இரண்டு மடங்கு. தையல்காரர் கையில் இருப்பது பள்ளத்து விலைக்கே இழுபறி. இப்போதிருக்கும் வாடகை அறையிலோ தொட்டில் போட இடமில்லை.

"வாசல் மேட்டுத் தெருவுல இருக்கு. அப்ப மேட்டு விலைதான்," என்றார் தரகர்.

"பின்வாசல் பள்ளத்துல இருக்கே? நாங்க அது வழியாவே போய்க்கறோம்," என்றார் தையல்காரர்.

தரகர் முகம் மலர்ந்தது. "அட, ரெண்டு தெருவுக்கும் வாசல்! அதுக்குத் தனி மதிப்பாச்சே. சொல்ல மறந்துட்டேன்."

விலை ஏறியது. அண்ணன் களத்தில் இறங்கினார்.

"சுவத்துல விரிசல் பாருங்க. குறைச்சுக்குங்க."

"பூசிக் குடுத்துடறோம். பூச்சுக் கூலி மட்டும் சேர்த்துக்குங்க."

"ஜன்னல்கூட ரொம்பச் சின்னதா..."

"பெருசாக்கிடலாம்," என்றார் தரகர், பேனாவைத் திறந்தபடி.

"அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போகும், வாயை மூடு!" என்றாள் தங்கை.

தரகருக்கே அலுத்துவிட்டது. "முடிவாச் சொல்றேன். கூடத்துப் பின்சுவர்தான் எல்லை. எந்தப் பக்கம் பெருசோ அந்தப் பக்கத்து விலை. வேணும்னா அளந்துக்குங்க. கூடம் எவ்ளோ பெருசுன்னு தெரியுதில்ல?"

தையல்காரர் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை உருவினார். முதலில் கூடம். பிறகு பள்ளத்துப் பக்கம்: சமையலறை, படுக்கையறை, குளியலறை, சாமான் அறை. இருபது வருடப் பழக்கம், கை பரபரவென்று ஓடியது. கடையில் செய்வதுபோலவே ஒவ்வொரு அளவையும் ஒரு நொடி முணுமுணுத்துவிட்டுச் சொன்னார். மனைவி எழுதிக் கூட்டினாள்.

ஒரு தலையணை அளவுக்குப் பள்ளம் ஜெயித்தது.

தரகர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். தப்பில்லை. வீட்டுக்கார அம்மா சரியென்று தலையாட்டினாள்.

பத்திரம் பதிந்த அன்று சாவியைக் கொடுக்க அவளே வந்தாள். கொடுத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"தம்பி, நானும் முப்பது வருஷம் தைச்சவதான். அன்னைக்கு ஒவ்வொரு அளவுக்கும் தையலுக்குன்னு ரெண்டு இன்ச் கூட்டிச் சொன்னீங்க. மேட்டுல ஒரே கூடம், பள்ளத்துல நாலு அறை. அதான் பள்ளம் ஜெயிச்சுது."

தையல்காரருக்கு முகம் வெளிறியது. "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எதுக்கு? புள்ள வளர வளரப் பிரிச்சு விடத் துணி வேணாமா?"

அவள் படியிறங்கினாள். மனம் மாறித் திரும்பிவிடப் போகிறாளோ என்று தையல்காரர் சட்டென்று கதவைச் சாத்திப் பூட்டினார்.