நாக்கின் கீழே ஐந்து நிமிடம்

அன்பும் மரியாதையும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், நீங்கள் ஆட்சி புரியும் ஊசி போடும் அறையின் நலத்தையும் அறிய ஆவல். கடிதத்தை உட்கார்ந்தே படியுங்கள். ஏனென்றால் நான் ஜெயித்துவிட்டேன்.

போன வருஷம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மகள் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பூனையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்பது அவள் கட்சி. பூனை வாசலில் கால் வைத்தாலே அடுக்கடுக்காகப் பதினேழு தும்மல் என்பது என் மூக்கின் கட்சி. வாராவாரம் ஊசி போட்டால் உடம்பு பூனைக்குப் பழகிவிடும் என்று நீங்கள் ஊசியை எடுத்துக் காட்ட, நான் நாற்காலியோடு சரிந்தேன். அது பழைய கதை, விடுங்கள். ஒவ்வாமை டாக்டரம்மாதான் வழி சொன்னார். "ஊசி வேண்டாம்னா சொட்டு மருந்து இருக்கு. தினமும் நாக்குக்குக் கீழ விட்டு, முழுங்காம, பேசாம வெச்சிருக்கணும். எவ்வளவு நேரம்னு தாள்ல போட்டிருக்கு" என்றார். அதைக் கேட்டு நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே! "மாப்பிள்ளை, முப்பத்தோரு வருஷம் பஸ் நிலையத்துல மைக் புடிச்ச வாய் அது. அதைச் சாத்தி வைக்க இன்னும் மருந்து வரல" என்றீர்களே! அன்றைக்கே சபதம் செய்துகொண்டேன்.

முதல் சொட்டை டாக்டரம்மா கண்முன்னேயே விட்டு, உடம்புக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். எத்தனை நிமிடம் கழித்து விழுங்கச் சொன்னார்கள் என்று, பயத்தில் நான் கடிகாரத்தையே பார்க்கவில்லை. மருந்தோடு வந்த தாளில் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. உங்கள் தங்கைதான் படித்து, "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, சமையலறை அலாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மறுநாள் காலை மூன்றாவது நிமிடத்தில், "இந்த ஓட்டை நாற்காலியைத் தூக்கிக் குடுத்துடலாம்னு இருக்கேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். நான் இரண்டு கைகளையும் ஆட்டுகிறேன், அவள் சுவரைப் பார்க்கிறாள். அலாரம் அடித்தபோது என் நாற்காலி படியிறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்குப் பச்சை வண்ணம் பூச முடிவானது. நான் கட்டைவிரலைக் கீழே காட்டினேன்; வண்ணம் பூசுகிறவர், "தரை வரைக்கும் அடிச்சிடறேன் சார்" என்று அடித்தேவிட்டார். காலையில் ஐந்து நிமிடம் நான் வாய் திறக்க மாட்டேன் என்ற செய்தி மாடிவீடுகளுக்கும் பரவி, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தைக் காலை ஏழு மணிக்கு, சரியாக என் சொட்டு நேரத்துக்கு, எங்கள் கூடத்திலேயே நடத்தினார்கள். "ஆட்சேபம் இருந்தா வாய் திறந்து சொல்லலாம்" என்றார் தலைவர். தண்ணீர்த் தொட்டி கழுவும் பொறுப்பாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். இத்தனைக்கும் ஒரு சொட்டைக்கூட நான் நேரத்துக்கு முன்னால் விழுங்கவில்லை, மச்சான்!

ஆறாம் மாதம் மகள் பூனையை வெள்ளோட்டமாகக் கொண்டுவந்தாள். மூன்றே தும்மல். ஒன்பதாம் மாதம் ஒன்று, அதுவும் சந்தேகக் கேஸ். போன ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சொட்டு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க இப்போ பேச முடியாதுங்கற தைரியத்துலதான் சொல்றேன். வேலை போயி மூணு மாசம் ஆச்சு. சொன்னா அறிவுரையா ஆரம்பிச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன். நான் இங்கயே வந்து இருந்துடட்டுமா?" என்றாள். அலாரம் அடிக்க இன்னும் இரண்டரை நிமிடம் இருந்தது. சொல்வதற்கோ இருபது விஷயம் தொண்டைவரை வந்து நின்றது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள், எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் பூனை என் மடியில் ஏறி, வாலை முழுசாக என் மூக்கில் தேய்த்தது. நான் தும்மவில்லை, மச்சான். பேசவும் இல்லை. அலாரம் அடித்தது, விழுங்கிவிட்டு, "வாம்மா" என்றேன், அவ்வளவுதான். அன்று மாலையே அவள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஆகவே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதவும். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். உங்கள் ஊசிகள் வேறு யாரையாவது குத்தி நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
வாயைக் கட்டி வென்ற
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மருந்தின் பெயரை உங்களுக்கு எழுதலாம் என்று புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை இப்போதுதான் படித்தேன். இரண்டு நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறது! உங்கள் தங்கையைக் கேட்டேன். தட்டைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு நிமிஷம் டாக்டர் சொன்னது. மீதி மூணு நான் போட்டுக்கிட்டது. எங்களுக்கும் பேச நேரம் வேணாமா?" என்றாள். வீடு அதிரக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து மகள் வந்தாள். "அப்பா, இன்னைக்குச் சொட்டு போட்டாச்சா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அலாரத்தை ஐந்து நிமிடத்துக்கே திருப்பி வைத்தேன்.