கவலை வடியும் கிண்ணம்

கிண்ணத்தாரைப் பார்க்க விடிந்ததிலிருந்தே வரிசை. அட்டைப்பெட்டிக் கிடங்காக இருந்த கட்டடம் அது. இப்போது பெட்டிக்குப் பதில் நோயாளிகளை அடுக்கியிருந்தார்கள். சர்க்கரைக்காரர்கள் இடப்பக்கம், இதயக்காரர்கள் வலப்பக்கம். இரண்டும் வாய்த்த பாக்கியசாலிகளுக்கு முன்வரிசை நாற்காலி.

கிண்ணத்தாரின் கண்டுபிடிப்பு எளிமையானது. சர்க்கரை நோயே இல்லை. கவலை ரத்தத்தில் கரைந்து இனிக்கிறது. மாரடைப்பும் நோயில்லை, கவலை கட்டியாகி வழியை மறிக்கிறது. கவலை கசக்காமல் ஏன் இனிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

வைத்தியமும் எளிமைதான். உதவியாளர் அம்மாள் நம் கையில் களிம்பு தடவுவாள். கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் கையை விட்டால் குப்பென்று சிவக்கும். அதுதான் வடிந்த கவலை. கூட்டம் ‘ஆ’ என்றதும், கண்ணை மூடியபடியே கிண்ணத்தார் ‘மனசுல என்ன?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தக் கவலையின் பூர்வீகத்தையும் அவரே சொல்வார். பத்துத் தடவை வந்தால் தண்ணீர் சிவப்பது நிற்கும். அப்புறம் மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடலாம்.

முன்வரிசைத் தையற்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. போன வாரம் முதல் தடவை தண்ணீர் சிவந்ததுமே மாத்திரையைக் குறைத்தார். இன்று முதல் இன்சுலினும் வேண்டாம் என்று தீர்மானித்திருந்தார். மாரடைப்பு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பக்கத்தில் மனைவி. அவளுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மச்சினி.

“இன்னிக்கு ஒரு தடவை எனக்கு விட்டுக்கொடுங்க மாமா. அப்புறம் ஊசி போடறதும் போடாததும் உங்க இஷ்டம்.”

“உனக்கு என்ன கவலை?”

“நீங்கதான்.”

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் முன்னே போனாள். உதவியாளர் அம்மாள், அடுத்த வரிசை எண்ணைக் கூப்பிட்டபடி, நீட்டிய கையைப் பார்க்காமலே தடவினாள். ஒரு நாளைக்கு இருநூறு கை தடவுகிறவள் எந்தக் கையைப் பார்ப்பாள்? கை கிண்ணத்தில் இறங்கியது. தண்ணீர் சிவந்தது. கூட்டம் ‘ஆ’ என்றது.

“மனசுல என்ன? சின்ன வயசுல கூடப்பிறந்தவங்க செஞ்ச துரோகம்,” என்றார் கிண்ணத்தார். “நெஞ்சுல இடது பக்கம் உறைஞ்சு கிடக்கு.”

“நெஞ்சு கடையில இருக்கு சாமி. கை மட்டும்தான் கொண்டுவந்தேன்.”

சட்டைக் கையிலிருந்து அதை உருவி மேசைமேல் வைத்தாள். தையற்கடை வாசலில் துணி மாட்டி நிறுத்தியிருக்கும் பொம்மையின் பிளாஸ்டிக் கை. கிண்ணத்தார் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

“களிம்புல சலவை சோடா. தண்ணியில எங்க கூடத்துல இருக்கிற மாதிரி ஒரு மருந்து. ரெண்டும் சேர்ந்தா செவக்கும். பத்தாவது தடவை வெறும் களிம்பு தடவுவாங்க, செவக்காது. மாமா, களிம்பில்லாம நீங்க அடுத்த கிண்ணத்துல கையை விடுங்க.”

தையற்காரர் விட்டார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

“பாத்தீங்களா,” என்று கிண்ணத்தார் கடைசிக் கிளையைப் பிடித்தார். “இவருக்குக் கவலை எல்லாம் தீர்ந்துபோச்சு.”

“தீர்ந்துச்சுன்னு யார் சொன்னா?” தையற்காரர் கையைத் துடைக்கவில்லை. “நாலு மாசமா ஊசியில நூல் கோக்கப் பிடிக்கல. ராத்திரி தூங்கினா எந்திரிப்பேனான்னு பயம். எந்திரிச்சா, ஏன் எந்திரிச்சோம்னு இருக்கு.”

மனைவி அவரையே பார்த்தாள். “என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீ, ‘சாப்டீங்களா, ஊசி போட்டீங்களா’ன்னுதான் கேட்ட. டாக்டர் சர்க்கரை எத்தனைன்னு கேட்டார். இந்த ஆள்தான் மனசுல என்னன்னு கேட்டான்.”

மச்சினியின் குரல் இறங்கியது. “சர்க்கரையும் இதய நோயும் இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு அதிகமா வருதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க மாமா. அதுக்குத் தனி டாக்டர் இருக்காங்க. பைத்தியத்துக்கு இல்ல, இதுக்கு. இப்பவே போலாம். போற வழியில ஊசி போட்டுக்கலாம்.”

“சரி,” என்றார் அவர்.

கிண்ணத்தார் பின்வாசல் வழியாகப் போனார். வரிசையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர், அவர் அடுத்து எங்கே வருவார் என்று உதவியாளர் அம்மாளிடம் விசாரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? மனசைப் பற்றி விசாரிக்கும் வேலையை நாம் ஒரு புரட்டனுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அதைத் திரும்ப வாங்க ஆராய்ச்சியாளராக வேண்டாம். வாயும் கொஞ்சம் மூளையும் இருந்தால் போதும். இரண்டும் எல்லாரிடமும் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.